நாலு நார்த்தங்காயும் ஒரு வாந்தியும்

நார்த்தங்காய் என்று சொன்னதுமே உங்களுக்கு வாய் ஊறும். எனக்குத் தெரியும். நம் வயசில் பல்தான் போயிருக்கிறது, ஊறல் போகவில்லை. என்னோடு பாவாடை கட்டித் திரிந்தவர்களில் மிச்சம் இருக்கிற நாலைந்து பேரும் இதைக் கேளுங்கள். கண் தெரிகிறவள் படித்துச் சொல்லட்டும். காது கேட்காதவள் சும்மா சிரித்து வைக்கட்டும், எப்போதும் செய்வதுதானே.

இந்தக் கதையை நீங்கள் ஏற்கெனவே கேட்டிருக்கிறீர்கள். கல்யாண வீடு, காதுகுத்து, நாற்று நடவு என்று நான் இதைச் சொல்லாத இடம் இல்லை. பத்து வயசில் ஒரு பொய்யைச் சொல்லி ஒரு கல்யாணத்தையே நிறுத்திய கதை. நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறீர்கள். ஆனால் கடைசிப் பாகம் உங்களுக்குத் தெரியாது. எனக்கே அது ரொம்ப நாள் தெரியாது.

போன லீவுக்கு என் பேத்தி ஏதோ ஒரு மலைக்குப் போய், டிக்கெட் வாங்கி உள்ளே நுழைந்து, ஆரஞ்சுப் பழத்தைத் தன் கையாலேயே பறித்தாளாம். பறிக்கும்போது போட்டோ வேறு. அதைக் காட்டி, "நீங்கள்லாம் இப்புடிப் பறிச்சிருக்கீங்களா?" என்று என்னைக் கேட்கிறாள். நான் என் கையைத் திருப்பிக் காட்டினேன். இடது கை ஆள்காட்டி விரலுக்குக் கீழே ஒரு வெள்ளைத் தழும்பு. எலுமிச்சை முள் கொடுத்த டிக்கெட்.

நார்த்தாமலைப் பாறைகளுக்கு மேற்கே அப்பத்தாவின் தம்பிக்கு ஒரு எலுமிச்சைத் தோட்டம் இருந்தது. அவரைத் தோட்டத்துத் தாத்தா என்போம். எங்கள் ஊர் கீரனூர்ப் பக்கம். சித்திரையில் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு அங்கே போய் மூன்று நாள் இருந்து பழம் பறித்து வருவோம். நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை முடித்தவள். இந்த லீவுக்காகத்தான் பள்ளிக்கூடத்துக்கே வாரேன் என்று வாத்தியாரிடம் சொல்லி அடி வாங்கியிருக்கிறேன். உண்மையைச் சொன்னதற்கு வாங்கிய அடி என்பதால் பொய்யின் மேல் எனக்கு அப்போதே ஒரு மரியாதை வந்துவிட்டது.

வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும் என்று கோழி கூவும்போதே கிளம்புவோம். பாறை சூடேறும் வாசனை முதலில் வரும். அதற்கப்புறம் ஈரச் செம்மண் வாசனை. வண்டி ஒற்றையடித் தடத்தில் திரும்பியதும் எலுமிச்சை இலை வாசனை வந்து மூக்கில் உட்காரும். கிணற்றில் கமலை ஓடிக்கொண்டிருக்கும். மாடுகள் பின்னால் நடக்க, தோல் சால் உள்ளே இறங்கும். முன்னால் நடக்க, சால் மேலே வந்து தண்ணீரைத் தொட்டியில் கொட்டும். கொட்டும்போது ஒரு பெரிய ஏப்பம் மாதிரிச் சத்தம் வரும். இப்போது அந்தத் தோல் சாலைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் சாப்பிட்டு எழுந்தபோதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. அவரும் இப்போது இல்லை.

தோட்டத்துத் தாத்தா பறிப்பதற்கென்று சட்டம் வைத்திருந்தார். விருந்தாளிகள் கூடை கொண்டுவரக் கூடாது. மடி கொள்ளும் மட்டும் பறித்துக்கொள்ளலாம். பெரியவர்களுக்கு முந்தானை, எனக்குப் பாவாடை. இழுத்துப் பறிக்கக் கூடாது, காம்போடு திருக வேண்டும். "இழுத்தா அடுத்த கொப்புக்கும் வலிக்கும்" என்பார். பாவாடையை அகலமாகப் பிடித்தால் நிறையக் கொள்ளும் என்று கண்டுபிடித்து, முன்னால் தரை தெரியாமல் வாய்க்காலில் விழுந்தவள் நான். முள் இல்லாத எலுமிச்சையும் கிடையாது, நாத்தனார் இல்லாத வீடும் கிடையாது. குத்தட்டும் என்று கையை உள்ளே விட வேண்டும். உள்ளே, இலைக்கு நடுவில், வெயில் படாத பழம் குளிர்ந்து இருக்கும். அந்தக் குளிர்ச்சியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நிற்பேன். பக்கத்தில் சின்னம்மா நிற்பாள்.

சின்னம்மா என் சித்தப்பாவின் பொண்டாட்டி. எனக்கு மூன்று வயசில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். என் வாய்த்துடுக்கு யாரிடமிருந்து வந்தது என்று நீங்கள் அடிக்கடி கேட்பீர்களே, அவளிடமிருந்துதான். அப்பத்தா முன்னால் தலையைக் குனிந்துகொண்டு சோறு போடுவாள். அடுப்படிக்கு வந்ததும் அப்பத்தா மாதிரியே வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேசிக் காட்டுவாள். எனக்குப் புரையேறும். அவளுக்கு ஒரே ஒரு குறை. ஏழு வருஷமாகப் பிள்ளை இல்லை. அது அவளுக்குக் குறையோ இல்லையோ, அப்பத்தாவுக்குப் பெருங்குறை.

அந்த வருஷம் அம்மா மாடு கன்றைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிட்டாள். சித்தப்பா வண்டி ஓட்ட, அப்பத்தா, சின்னம்மா, நான் மூவரும் போனோம். அப்பத்தாவின் ஓலைப்பெட்டியில் வழக்கமாகப் புகையிலையும் மாற்றுச் சேலையும்தான் இருக்கும். அன்றைக்கு வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஈரத்துணியில் சுற்றின மல்லிகைப்பூ எல்லாம் இருந்தன.

"பூவு ஆருக்கு அப்பத்தா?" என்றேன்.

"சாமிக்கு."

"சாமி ஜாக்கெட்டுத் துணியும் கட்டுமா?" பெட்டியில் அதுவும் இருந்தது.

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா வாடி" என்றாள் அப்பத்தா. சின்னம்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

தோட்டத்துத் தாத்தாவுக்குப் பொண்டாட்டி இல்லை, செத்துப்போய்விட்டாள். பதினேழு வயசில் ஒரே மகள். அவள்தான் அங்கே சமையல், தண்ணீர் எல்லாம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அன்றைக்கும் வண்டியிலிருந்து குதித்து, "அக்கா" என்று ஓடினேன். அப்பத்தா என் சடையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இனிமே அக்கா இல்ல. சின்னம்மான்னு கூப்புடு."

"அதான் ஒரு சின்னம்மா இருக்கே."

"இருந்தா என்ன. முறை அதுதான். கூப்புடு."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வண்டியில் ரெண்டு சின்னம்மா ஏறினால் மாடு இழுக்குமா என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. என் சின்னம்மா வண்டியிலிருந்து இறங்கப் போனவள் ஒரு காலைச் சக்கரப் பட்டையில் வைத்தபடி அப்படியே நின்றாள். சித்தப்பா மாட்டை அவிழ்க்கிற சாக்கில் கழுத்துக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கயிற்றில் அன்றைக்கு அப்படி என்ன எழுதியிருந்ததோ.

கிணற்றுக்குக் கிழக்கே இளங்கன்றுகள் ஒரு வரிசை. அந்த வருஷம்தான் முதன்முதலாகக் காய்த்திருந்தன. கன்னிக்காய்ப்பு என்பார்கள். கன்னிக்காய்ப்பில் முதல் கை வைக்கிறவள் பிள்ளை பெற்ற சுமங்கலியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மரம் அதோடு காய்ப்பை நிறுத்திவிடும் என்று அங்கே ஒரு வழக்கம். மஞ்சள் மஞ்சளாக, குட்டை மரத்தில் எனக்கே எட்டுகிற உயரத்தில் தொங்கின. நானும் சின்னம்மாவும் மடியைக் கட்டிக்கொண்டு அங்கே போனோம்.

"அங்கிட்டுப் போகாத" என்று கிணற்றடியிலிருந்து அப்பத்தா சத்தம் போட்டாள். என்னைத்தான் என்று நினைத்தேன். "ஒன்னையில்லடி. அவளச் சொன்னேன். நாளைக்குப் பக்கத்துத் தோட்டத்துப் புள்ளக்காரி வந்து மொதக்கை வச்சதும் மத்தவுக பறிக்கலாம். அதுவரைக்கும் ஒங்க சின்னம்மா அங்கிட்டுப் பழைய நார்த்தை மரத்துல பறிக்கட்டும்."

தோட்டத்துக் கோடியில் ரெண்டு கிழட்டு நார்த்தை மரங்கள். காய் ஒவ்வொன்றும் என் ஒரு கைக்குள் அடங்காது. புளிப்பும் கசப்பும் போட்டி போடும். உப்புப் போட்டுக் காயவைத்தால்தான் வாயில் வைக்கலாம். சின்னம்மா மடியை அவிழ்த்து உதறிவிட்டு அங்கே போனாள்.

நான் காய்த்துப் பழகிய எலுமிச்சை மரங்களில் பறிக்கப் போனேன். அக்கா என்னோடு பறிக்க வந்தாள். அவள் கை அவ்வளவு வேகம். முள் அவளைத் தெரிந்தவளைப் போல விட்டுவிடும்.

"அக்கா, ஒன்னைய ஏன் சின்னம்மான்னு கூப்புடச் சொல்றாக?"

"ஒங்க சித்தப்பாவ எனக்குக் கட்டிவைக்கப் போறாகளாம்."

"ஒனக்குப் புடிச்சிருக்கா?"

அவள் திரும்பிக் கமலை ஓடுகிற திசையைப் பார்த்தாள். மாட்டுக்குப் பக்கத்தில் சித்தப்பா நின்றார். "ரெண்டுல எது ஒங்க சித்தப்பான்னு இங்கிருந்து தெரியல" என்றாள். நான் சிரித்ததில் மடியிலிருந்து பழமெல்லாம் கொட்டிவிட்டது. அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் மடியில் போட்டாள். போடும்போது, "ஒங்க சின்னம்மாவ எனக்கு ரொம்பப் பிடிக்கும்டி" என்றாள்.

மத்தியானம் சின்னம்மாவைத் தேடிப் போனேன். நார்த்தை மரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். நகத்தால் தோலைக் கிழித்து, பச்சை நார்த்தங்காயைச் சுளை சுளையாகத் தின்றுகொண்டிருந்தாள். உப்புகூட இல்லை. சுற்றிலும் நாலு காயின் தோல் கிடந்தது. கண் ரெண்டும் சிவந்து தண்ணீர் ஓடியது.

"ஏன் சின்னம்மா அழுகுற?"

"அழுகலடி. புளிப்பு கண்ணுல ஏறிருச்சு."

எனக்கும் ஒரு சுளை கொடுத்தாள். வாயில் வைத்ததும் என் கண்ணிலும் தண்ணீர் வந்தது. ஆக, அவள் சொன்னது சரிதான் என்று நினைத்தேன். எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரி பாருங்கள், அழுகிறதுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்குமா. பச்சை நார்த்தங்காய் தின்கிறவளிடம் யாரும் ஏன் அழுகிறாய் என்று கேட்க மாட்டார்கள். இப்படித்தான் ரொம்ப வருஷம் நான் இதைச் சொல்லிவந்தேன்.

அங்கிருந்து தண்ணீர் குடிக்கக் கிணற்றுப் பக்கம் வந்தேன். தொட்டிக்குப் பின்னால் அப்பத்தாவும் தாத்தாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்து தண்ணீர் மோந்ததால் அவர்களுக்கு நான் தெரியவில்லை.

"ரெண்டாந்தாரம் கட்டக்கூடாதுன்னு சட்டம் வந்திருச்சாமே அக்கா" என்றார் தாத்தா.

"வந்துச்சு. பஸ்ஸுல வந்து கீரனூர்ல எறங்கி நிக்கிது. நம்ம ஊருக்கு வாரதுக்கு அதுக்கு வண்டி கெடைக்கல" என்றாள் அப்பத்தா. "ஆவணியில முடிச்சிருவோம். நாளைக்குப் பூவ மட்டும் வச்சிட்டுப் போறேன்."

"மூத்தவ?"

"அவுக ஆத்தா வீட்டுக்குப் போனாப் போறா. இருந்தா ஒரு மூலையில இருந்துட்டுப் போறா. நான் என்ன வெரட்டவா போறேன்."

தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவருக்கும் முழு மனசு இல்லை, ஆனால் அக்காள் சொல்லைத் தட்டிப் பழக்கம் இல்லை. எனக்கு ஒன்றே ஒன்றுதான் காதில் விழுந்தது. சின்னம்மா போய்விடுவாள். நான் யார் முந்தானையைச் சுருட்டிக்கொண்டு தூங்குவேன்?

மறுநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அக்கா பரிமாறினாள். சின்னம்மா சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துக்கொண்டிருந்தாள். அப்பத்தா ஓலைப்பெட்டியைப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். சாப்பிட்டதும் பூ வைக்கப் போகிறாள் என்று தெரிந்துவிட்டது. பிரசவம் பார்க்கிற நாவிதச்சி எங்கள் வீட்டுக்கு வந்து பேசும்போதெல்லாம் நான் பக்கத்திலேயே இருப்பவள். எந்தப் பெண்ணுக்கு எப்போது புளிப்புக் கேட்கும், கேட்டால் என்ன அர்த்தம் என்பதெல்லாம் எனக்கு வாய்ப்பாட்டைவிட நன்றாகத் தெரியும்.

"அப்பத்தா" என்றேன். "சின்னம்மா நேத்து நாலு நார்த்தங்காயப் பச்சையாத் தின்னுச்சு. உப்பே இல்லாம."

அப்பத்தாவின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

"தின்னுட்டு வாந்தி எடுத்துச்சு" என்று ஒன்றைச் சேர்த்துப் போட்டேன். வாந்தியை நான் பார்க்கவில்லை. கதைக்கு வேண்டியிருந்தது.

அப்போது அக்கா ரசச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஆமா அயித்த. நானும் பாத்தேன். கெணத்தடியில வச்சு எடுத்துச்சு" என்றாள். நான் அவளை அண்ணாந்து பார்த்தேன். என்னைவிடப் பெரிய புளுகி ஒருத்தி இருக்கிறாளே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அப்பத்தா எச்சில் கையோடு எழுந்து வந்து சின்னம்மா முன்னால் குத்தவைத்தாள்.

"எத்தன நாளு ஆச்சு?"

சின்னம்மா முதலில் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் சொல்ல முடியாது. அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "இருவது நாளு, அத்த" என்றாள்.

அடேயப்பா, எவ்வளவு சுளுவாகப் பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். யோசிக்காமல், திக்காமல், பத்து என்று குறைக்காமல், முப்பது என்று கூட்டாமல், அளவாக இருபது. பொய்க்கு ஒரு கணக்கு வேண்டும் என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

அப்பத்தா ஓலைப்பெட்டியைத் திறந்தாள். மல்லிகைப்பூவை எடுத்தாள். அக்கா ரெண்டடி பின்னால் போனாள். ஆனால் அப்பத்தா அந்தப் பூவைச் சின்னம்மா தலையில் வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"எந்திரி தாயி. பக்கத்துத் தோட்டத்துக்காரி எதுக்கு. கன்னிக்காய்ப்புல நீதான் மொதக்கை வைக்கணும்."

வெயில் சாய்ந்ததும் எல்லோரும் கிழக்கு வரிசைக்குப் போனோம். சின்னம்மா முதல் பழத்தைக் காம்போடு திருகினாள். அப்பத்தா அவள் பின்னாலேயே போய், "அதப் பறி. அந்தா மேல இருக்குல்ல, அதையும் எட்டிப் பறி" என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். சின்னம்மா குதிகாலைத் தூக்கி, கையை நீட்டி எட்டினாள். முகத்தில் சாயங்கால வெயில் அடித்தது. அவள் மடி நிறைந்து வழிந்ததும் அப்பத்தா தன் மடியை விரித்தாள். அந்த ஒரு மணி நேரத்தை எனக்கு யாராவது திருப்பிக் கொடுத்தால் மிச்சம் இருக்கிற என் நாளையெல்லாம் எடுத்துக்கொள்ளட்டும். செம்மண்ணில் சின்னம்மாவின் நீளமான நிழல். கையை முகர்ந்தால் இலை வாசனை. அக்கா எனக்கு ஒரு பழத்தைப் பிழிந்து சர்க்கரை போட்டுக் கொடுத்துவிட்டு, யாரும் பார்க்காதபோது என் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள்.

திரும்பி வரும்போது வண்டி நடந்துவந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு கல் தட்டினால் அப்பத்தா சித்தப்பாவைத் திட்டுவாள்.

"ஏன்டா, வண்டியா ஓட்டுற, வரகு குத்துறியா?"

"பாதை அப்புடி இருக்கு ஆத்தா."

"பாதைய ஏன்டா சொல்ற. நீ பெத்துப் பாத்தாத் தெரியும்."

பாதி வழியில் அப்பத்தாவே இறங்கி, வண்டிக்கு முன்னால் கல்லைக் காலால் ஒதுக்கிக்கொண்டு நடந்தாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சின்னம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன். அவள் என் முதுகைத் தட்டிக்கொண்டே வந்தாள்.

வீட்டில் ஒரு மாசம் ராஜாங்கம். சின்னம்மா தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, உரலில் குத்தக் கூடாது, குனியக் கூடாது. அப்பத்தா தன் கையால் சுட்ட அப்பளத்தை நொறுக்கி அவள் சோற்றில் போட்டாள். சித்தப்பா ஒருநாள் கீரனூர் போனவர் யாரிடமும் சொல்லாமல் மிக்சர் பொட்டலம் வாங்கிவந்து அடுப்படியில் வைத்துவிட்டு ஓடினார். ஏழு வருஷத்தில் அவர் பொண்டாட்டிக்கென்று வாங்கிய முதல் சாமான் அதுதான். முக்கால்வாசியைத் தின்றது நான்.

எனக்கு உள்ளுக்குள் பயம்தான். வயிறு பெரிதாகாவிட்டால் என்ன செய்வது? தலையணையைக் கட்டிக்கொள்ளலாமா என்று சின்னம்மாவிடமே கேட்டேன். என் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"எதுக்குடி அப்புடிச் சொன்ன அன்னைக்கி?"

"நீ போயிருவேல்ல."

எண்ணெய்க் கையோடு என் தலையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் விடவே இல்லை. எனக்கு மூச்சு முட்டியது.

ஆனி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். காலையில் நான் எழுந்து கொல்லைக்குப் போனபோது மாட்டுக் கொட்டகைச் சுவரோரம் சின்னம்மா உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குத் தூரமான பெண்கள் மூன்று நாள் உட்காரும் இடம் அது. நீங்களும் உட்கார்ந்த இடம்தான். யாரும் அவர்களைத் தொட மாட்டார்கள், பக்கத்தில் போக மாட்டார்கள். சின்னம்மா முழங்காலைக் கட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்து, முகம் வெளுத்துப்போய் இருந்தாள்.

அப்பத்தா கொல்லைக் கதவைத் திறந்து பார்த்தாள். போச்சு, மாட்டிக்கொண்டோம் என்று நான் வேலிக்குப் பின்னால் ஒளிந்தேன். அப்பத்தா கத்தவில்லை. நேராகப் போனாள். தீட்டு என்று பார்க்காமல், சாணித் தரை என்று பார்க்காமல், சின்னம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கலைஞ்சு போச்சா தாயி" என்றாள். சின்னம்மா தலையை ஆட்டினாள். அப்பத்தா தன் தலையிலேயே படீரென்று அடித்துக்கொண்டாள்.

"நான்தான். நான்தான் எட்டிப் பறி, எட்டிப் பறின்னேன். என் வாயில மண்ணு விழுக."

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? தலையணையே தேவைப்படாமல் போய்விட்டது. இல்லாத பிள்ளை கலைந்தும் போய்விட்டது, சின்னம்மா மேல் ஒரு குற்றமும் இல்லை. இவ்வளவு அழகாக ஒரு பொய்யை முடித்துவைக்க என் சின்னம்மாவால்தான் முடியும் என்று தோன்றியது. அப்பத்தா மூக்கைச் சிந்தத் திரும்பிய நேரம் பார்த்து, வேலிக்கு மேலே தலையை நீட்டி, சின்னம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். லேசாகச் சிரித்தாள்.

அதற்கப்புறம் அப்பத்தா ரெண்டாங்கல்யாணம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. யாராவது எடுத்தால், "ஒரு தடவ தங்குன வயிறு, இன்னொரு தடவையும் தங்கும். நீ போயி ஒன் வேலையப் பாரு" என்பாள். தங்கவில்லை. ஆனாலும் அவள் சாகிற வரைக்கும் சின்னம்மாவை ஒரு சுடுசொல் சொன்னது கிடையாது. அக்காவைப் புதுக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்காரருக்குக் கொடுத்தார்கள். நல்ல கலகலப்பான மனுஷர், மாட்டிலிருந்து சுலபமாகப் பிரித்துச் சொல்லிவிடலாம்.

ஒன்றுதான் எனக்கு நஷ்டம். எலுமிச்சை மரத்தைப் பார்த்தாலே நெஞ்சு அடைக்கிறது என்று அப்பத்தா தோட்டத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். அவள் போகாத இடத்துக்கு எங்களுக்கு வண்டி கட்டுவார்களா? அடுத்த சித்திரையில் லீவு விட்டது. நான் கூண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்து சாயங்காலம் வரை காத்திருந்தேன். மாடு கொட்டகையில் அசைபோட்டுக்கொண்டு நின்றது. என் பொய்யே என் தோட்டத்தைத் தின்றுவிட்டது என்று இந்த இடத்தில்தான் நான் கதையை முடிப்பேன். நீங்களும் சிரித்துவிட்டு வெற்றிலையை எடுப்பீர்கள்.

இனி உங்களுக்குத் தெரியாதது.

சித்தப்பாவும் போனபின் அந்த வீட்டில் சின்னம்மா மட்டும் இருந்தாள். எண்பது தாண்டியிருந்தது. ஒரு பொங்கலுக்குப் பார்க்கப் போனேன். பக்கத்து வீட்டு மருமகள் வந்து உட்கார்ந்தாள், சின்னப் பெண். அவளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். வழக்கம்போல வண்டியில் அப்பத்தா திட்டுவதை நடித்தெல்லாம் காட்டினேன். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தது. சின்னம்மாவும் சிரித்தாள், எப்போதும் சிரிக்கிற மாதிரி. அந்தப் பெண் போனதும் நான் சின்னம்மா பக்கத்தில் தள்ளி உட்கார்ந்தேன்.

"ஏன் சின்னம்மா, அன்னைக்கி இருவது நாளுன்னு எப்புடி டக்குன்னு சொன்ன? என்னையவே தூக்கிச் சாப்புட்டுட்டியே."

"இருவது நாளுதான்டி ஆயிருந்துச்சு" என்றாள்.

எனக்கு உடனே விளங்கவில்லை.

"என்ன சொல்ற நீ?"

"நாள் தள்ளித்தான் போயிருந்துச்சு. அதுக்கு முன்னாடி ரெண்டு தடவ பத்து நாளு தள்ளி, ஒங்க அப்பத்தாகிட்ட சொல்லி, அப்பறம் இல்லேன்னு ஆகி ஊரே சிரிச்சுச்சு. இந்தத் தடவ மூணு மாசம் ஆகட்டும்னு வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன். நீ போட்டு ஒடச்சிட்ட."

"அப்ப வாந்தி?"

"மூணு தடவ எடுத்தேன். அந்தத் தோட்டத்துப் புள்ளதான் தண்ணி மோந்து குடுத்து முதுகத் தடவிவிட்டுச்சு."

நான் சொன்ன பொய்யில் ஒரு சொட்டுக்கூடப் பொய் இல்லை. அக்கா புளுகவில்லை, பார்த்ததைச் சொன்னாள். அப்பத்தா ஏமாறவில்லை. வண்டிக்கு முன்னால் அவள் கல்லை ஒதுக்கிக்கொண்டு நடந்தது ஒரு பிள்ளைக்காகத்தான். அந்தத் தோட்டத்தில் ஏமாந்தவள் நான் ஒருத்திதான்.

"நாலு நார்த்தங்காயும்?" என்றேன், வேறு என்ன கேட்பது என்று தெரியாமல்.

"அஞ்சு. ஒண்ண நீ வாரதுக்கு முன்னாடி தின்னு தோல வாய்க்கால்ல போட்டுட்டேன்." அதற்கும் சிரித்தாள்.

"ஏன் சின்னம்மா எங்கிட்ட சொல்லல? இத்தன வருசமா இத வச்சுச் சிரிச்சுக்கிட்டுத் திரிஞ்சேனே. ஒன் முன்னாடியே சொல்லிச் சொல்லிச் சிரிச்சேனே."

"சின்னப் புள்ளடி நீ. ஒரு பொய்யச் சொல்லிச் சின்னம்மாவக் காப்பாத்திப்புட்டோம்னு அம்புட்டு சந்தோசமா இருந்த. வேலிக்கு மேல தலைய நீட்டிக் கண்ணடிச்ச பாரு. எனக்கு இருந்த நெலமையில அது ஒண்ணுதான் பாக்க நல்லா இருந்துச்சு. அதையும் எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

கால் வலிக்கிறது என்றாள். பிடித்துவிட்டேன்.

சின்னம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. எனக்கு ஒரு தம்பியோ தங்கச்சியோ மூன்று மாசம்கூட முழுசாக ஆகாமல் வந்து போயிருக்கிறது. அது இருந்தபோது அதைப் பொய் என்று நினைத்தேன். போனபோது நடிப்பு என்று நினைத்தேன். அறுபது வருஷம் அதைச் சொல்லி ஊரைச் சிரிக்கவைத்தேன்.

அந்தக் காலையில் மாட்டுக் கொட்டகைச் சுவரோரம் அவளுக்கு வலது பக்கத்தில் அப்பத்தா உட்கார்ந்தாள். இடது பக்கம் காலியாகத்தான் இருந்தது. நான் கண்ணடித்துவிட்டுத் தட்டாங்கல் விளையாடப் போய்விட்டேன்.